ஆளில்லாத படமும் ஆளை மறைக்கும் படமும்

போட்டோப் படம் என்று ஒன்று எடுத்தால் அதில் ஓர் ஆளாவது இருக்க வேண்டும் என்பது நம் மக்களில் பெரும்பாலோருடைய எண்ணமாகும். அந்த ஆளும் சும்மா இருத்தல் ஆகாது. நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் பூச்சட்டி இருக்க வேண்டும். பின்னால் தொங்கும் திரையில் மாளிகையோ மலையோ எழுதப்பட்டிருக்க வேண்டும். கலியாண வீட்டிலும், பிரிவுபசார விருந்திலும், சங்கத்து ஆண்டு விழாவிலும் நாம் எடுத்து வைத்திருக்கும் படங்களையெல்லாம் ஒன்றாய்க் கூட்டிப் பார்த்தால், ஆட்களின் எண்ணிக்கையைவிட மாலைகளின் எண்ணிக்கையே மிகுந்திருக்கக் காணலாம். இத்தகைய நம்மிடம் வந்து, ஓர் ஆளும் இல்லாமல், ஒரு பூவும் இல்லாமல், வானத்தில் ஒரு மேகத்தின் அழகுகூட இல்லாமல், தண்ணீர்த் தொட்டிகளையும் ஊது உலைகளையும் சுண்ணாம்புக் காளவாய்களையுமே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படம் பிடித்த கணவன் மனைவி இருவர் உலகத்துப் பெருங் கலைஞர் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்க்கு நகைப்பு வருவது இயற்கையே. நகைப்பவர்களோடு நமக்கு வழக்கு இல்லை. பழகாததைக் கண்டு நகைப்பவன் பழகியபின் நகைப்பை விட்டுவிடுவான்.

நமது வழக்கெல்லாம் நகைக்காமல் முகத்தைச் சுளிக்கிற படித்த அன்பர்களோடுதான். இவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தும் இருக்கிறார்கள். அவற்றைப் பற்றிப் படித்தும் இருக்கிறார்கள். இவர்கள் கூறும் ஆட்சேபம் யாதெனில்: “ஆலையைப் படம் பிடித்தவர்கள் ஆலைத் தொழிலாளியை ஏன் விட்டுவிட்டார்கள்? சுரங்கத்தின் கோபுரம் இருக்கிறது, சுரங்கத்தில் இறங்கியவன் எங்கே? உழைப்பவனைத் துடைத்துவிட்டு இரும்பை மட்டும் காட்டுவது முதலாளியின் கண் அல்லவா? தொழிலாளர் படிக்கும் ஒரு பத்திரிகை இதைப் பாராட்டலாமா?” என்பதாகும். கேள்வி நல்ல கேள்வி. கேட்பவர்களின் நோக்கமும் நல்ல நோக்கமே. ஆனால் நல்ல நோக்கத்தோடு தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு, உண்மையான குற்றவாளியைப் பின்வாசல் வழியே தப்பவிடுகிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் இவ்விருவரும் யார் என்பதைச் சொல்லிவிடுவோம். கணவர் பெர்ண்ட் பெக்கர். 1931-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஸீகன் என்னும் ஊரில் பிறந்தவர். அந்த ஊருக்கும் அதைச் சூழ்ந்த ஸீகர்லாந்து என்னும் மலைப்பிரதேசத்துக்கும் பன்னெடுங்காலமாகப் பிழைப்பே இரும்புக்கல் சுரங்கமும் உருக்குத் தொழிலுந்தான். மனைவி ஹில்லா, 1934-இல் போட்ஸ்டாம் நகரில் பிறந்து, அங்கேயே ஒரு நிலையத்தில் முறையாகப் படத்தொழில் கற்றுக்கொண்டு, பின்னர் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே வந்தவர். இருவரும் டுஸ்ஸல்டார்ப் நகரில் ஒரு விளம்பர நிலையத்தில் வேலை பார்க்கும்போது 1957-இல் சந்தித்தார்கள். 1959 முதல் சேர்ந்து படம் எடுக்கத் தொடங்கினார்கள். 1961-இல் மணம் செய்துகொண்டார்கள். பெர்ண்ட் 2007-லும் ஹில்லா 2015-லும் காலமாயினர். இவ்வளவுதான் சரித்திரம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெர்ண்ட் முதலில் காமிராக்காரர் அல்லர், சித்திரக்காரர். தம் ஊர்ப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றைக் கையால் வரைய உட்கார்ந்தார். அவர் வரைந்து முடிப்பதற்குள் சுரங்கக் கட்டடங்களை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோடு போடும் கையைவிடச் சம்மட்டி போடும் கை வேகமாக இருந்தது. அதனால்தான் காமிராவை எடுத்தார். அழகைத் தேடிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர் அல்லர் அவர். அழிவைக் கண்டு அவசரப்பட்டு வந்தவர். இதை மறந்துவிட்டுப் பேசுகிற பேச்செல்லாம் வீண் பேச்சே.

இனி அவர்கள் படம் எடுத்த முறையைப் பார்ப்போம். கண்ணாடித் தகடு போட்டு எடுத்த பழங்கால முறைக் காமிராவைப் போன்ற பெரிய மரக்கால் காமிரா. வெயில் அடிக்கும் நாளில் அதைத் திறப்பதே இல்லை. வெயில் இருந்தால் நிழல் விழும். நிழல் விழுந்தால் ஒரு பக்கம் பளிச்சென்றும் ஒரு பக்கம் மர்மமாகவும் தோன்றும். பார்ப்பவன் மனம் தொட்டியை விட்டு நிழலில் போய் விழும். ஆதலின் வானம் முழுதும் ஒரே சாம்பல் நிறமாய் மூடிக்கிடக்கும் நாளாகப் பார்த்துக் காத்திருப்பார்கள். தரையில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பூதம்போலத் தோன்றும் அல்லவா? அதற்காக ஏணி வைத்து, சாரம் கட்டி, பாதி உயரத்துக்கு ஏறி, நேருக்கு நேராக நின்று எடுப்பார்கள். பொருள் படத்தின் நட்டநடுவில் இருக்கும். செங்குத்துக் கோடு செங்குத்தாகவே இருக்கும். எந்த ஊர்த் தொட்டியாயினும், ஜெர்மனியோ பெல்ஜியமோ பிரான்சோ பிரிட்டனோ அமெரிக்காவோ, இதே வெளிச்சம், இதே தூரம், இதே அளவு. ஐந்தாறு ஆண்டு எடுத்தார்கள் என்று எண்ணற்க. 1959-இல் எடுத்த படத்தையும் அதற்கு முப்பது ஆண்டுக்குப் பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே நாளில் எடுத்தவை என்றே தோன்றும்.

பிறகு அவற்றை ஒன்பதாகவோ, பன்னிரண்டாகவோ, பதினைந்தாகவோ வரிசை வரிசையாகச் சுவரில் மாட்டுவார்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது. தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் அது தண்ணீர்த் தொட்டி; அவ்வளவே. பதினைந்து தொட்டிகளைச் சேர்த்துப் பார்த்தால் அப்பொழுது கண் விழித்துக்கொள்ளுகிறது. இதன் கால்கள் ஏன் மெலிந்திருக்கின்றன, அதன் வயிறு ஏன் உருண்டிருக்கிறது, இங்கே ஏன் செங்கல், அங்கே ஏன் இரும்பு என்று மனம் தானாகவே கேட்கத் தொடங்குகிறது. தோட்டத்து ஆலையில் ரப்பர் ஷீட்டைத் தரம் பிரித்தவர்களுக்கு இது விளங்காமற் போகாது. ஒரே ஷீட்டைக் கையில் கொடுத்துக் கேட்டால் புதியவன் என்ன சொல்வான்? புகைபோட்ட ஷீட்டுகள் நூறு புரட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த கைக்குத்தான் குமிழியும் கறையும் பூஞ்சணமும் தெரியும். பெக்கர் தம்பதிகள் நம்மைத் தரம் பார்க்கும் மேசைமுன் உட்கார வைக்கிறார்கள். ‘இதைப் பார், எவ்வளவு அழகு’ என்றும் சொல்வதில்லை. ‘இதைப் பார், எவ்வளவு கொடுமை’ என்றும் சொல்வதில்லை. நீயே பார் என்று விட்டுவிடுகிறார்கள். பார்ப்பவனுக்கு மூளை இருக்கிறது என்று நம்புகிற கலையை நாம் ஏன் பகைக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

இவர்களுடைய வேலையைக் ‘கருத்துக் கலை’ என்றும் ‘குறுமைக் கலை’ என்றும் இரண்டு பட்டியலில் சேர்த்துப் பேசுவது மேல்நாட்டு வழக்கம். முன்னதற்குப் பொருள், முதலில் ஒரு விதியை நினைத்து வைத்துக்கொண்டு அந்த விதி இழுத்த வழியே கை செல்வது. பின்னதற்குப் பொருள், சேர்க்கக்கூடியதையெல்லாம் சேர்க்காமல் விடுவது. அமெரிக்காவில் 1960-களில் இந்தக் குறுமைக் கலை ஓங்கியது. கார்ல் ஆந்த்ரே என்பவர் செங்கற்களையும் உலோகத் தகடுகளையும் அப்படியே தரையில் பரப்பி அதுவே சிற்பம் என்றார். அவரே 1972-இல் பெக்கர் தம்பதிகளைப் பற்றி ஒரு கலைப் பத்திரிகையில் எழுதி, அவர்களை நியூயார்க்குக்குப் பழக்கப்படுத்தினார். அதே 1972-இல் காஸல் நகரத்து ‘டாக்குமென்டா’ கண்காட்சியிலும் அவர்கள் படங்கள் வைக்கப்பட்டன. இப்படியாக இவர்கள் ஆந்த்ரேயின் கூட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். நமக்கு இச்சேர்க்கை முழுதும் உடன்பாடில்லை. ஆந்த்ரே தம் விருப்பத்தால் குறைத்தார். பெக்கர் படங்களில் உள்ள குறைவோ அவர்கள் குறைத்ததன்று. கட்டடமே குறைவாய்த்தான் இருந்தது.

இதற்கு அவர்கள் ஊர் வீடுகளே சாட்சி. ஸீகன் வட்டாரத்துத் தொழிலாளர் வீடுகள் மரச்சட்டம் கட்டி இடையில் மண் பூசி வெள்ளை அடித்தவை. கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவருமாக, ஒரு கணிதப் புத்தகத்தின் பக்கத்தைப்போல இருக்கும். ஜெர்மனியின் மற்றப் பகுதிகளிலுள்ள அதேவகை வீடுகளில் காணப்படும் வளைவுகளும் செதுக்கு வேலைகளும் இங்கே இல்லை. காரணம் மக்களுக்கு ரசனை இல்லாமை அன்று. 1790-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கட்டடம் நிற்பதற்குத் தேவையான மரத்துக்குமேல் ஒரு சட்டமும் வைக்கலாகாது என்று தடுத்துவிட்டது. இரும்பு உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். உலைக்கு முதல் உரிமை, உறைவிடத்துக்கு மிச்சம். அந்த மிச்சத்தில் எழுந்த வீடுகளைத்தான் பெக்கர் தம்பதிகள் ஆண்டுக்கணக்காகப் படம் பிடித்து 1977-இல் ஒரு புத்தகமாக்கினார்கள். இந்தப் படங்களில் ஆள் இல்லை என்கிறார் நமது அன்பர். ஆளுக்குச் சேரவேண்டிய மரம் எவ்வளவு, உலை எடுத்துக்கொண்டது எவ்வளவு என்ற கணக்கே அந்தச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதே. அதைப் படிக்க மாட்டேன் என்றால் என் செய்வது!

இதைவிடத் திட்டமான சாட்சியும் உண்டு. 1970-களில் இவர்கள் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்துக் கரிச்சுரங்கப் பகுதிக்குப் போனார்கள். அங்கே பெரிய கம்பெனிகள் கதவடைத்துப் போன பஞ்சகாலத்தில், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்கள் தாங்களே சிறு குழிகளைத் தோண்டிக் கரி எடுக்கத் தலைப்பட்டார்கள். குழியிலிருந்து ஏற்றிய கரியை வண்டியில் கொட்ட ஒரு சாரம் வேண்டும். எஞ்சினீயர் வரைபடம் ஏது? கையில் அகப்பட்ட பலகை, பழைய கட்டை, துருப்பிடித்த தகரம் இவற்றைக்கொண்டு கட்டினார்கள். அவ்வாறு கட்டி வந்த வழக்கத்தில் எஞ்சி நின்றவற்றையே பெக்கர் தம்பதிகள் படம் பிடித்தார்கள். 1991-இல் தனிப் புத்தகமாக வெளியிட்டார்கள். ஜெர்மனியின் மாபெரும் ஊது உலைக்குக் கொடுத்த அதே நடுவிடம், அதே சாம்பல் வானம், அதே அளவு, இந்த ஓட்டைச் சாரத்துக்கும் கொடுக்கப்பட்டது. கோடிக்கணக்கில் முதல் போட்டவனுடைய கோபுரமும் கூலியிழந்தவன் தட்டிய பலகையும் ஒரே உயரத்தில் சுவரில் தொங்குகின்றன. அந்தச் சாரங்களில் ஒவ்வோர் ஆணியும் கோணல். ஒவ்வொரு கோணலிலும் ஒரு கை இருக்கிறது. இங்கே ஆள் இல்லை என்பவர் எதைத் தேடுகிறார்? முகத்தையா? முகத்தைக் காட்டினால்தான் மனிதனை நம்புவேன் என்பது எவ்வகை மனிதாபிமானம்?

முகம் காட்டிய படங்கள் நமக்குச் செய்த உபகாரத்தையும் சற்று எண்ணிப் பார்ப்போமாக. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே சிங்கப்பூரில் லாம்பெர்ட் கம்பெனி போன்ற ஐரோப்பியப் பட நிலையங்கள், இந்நாட்டு இனத்தார் ஒவ்வொருவரையும் மாதிரிக்கு ஒன்றாக நிறுத்திப் படமெடுத்து, ஐரோப்பியருக்கு விற்றன. அவர்களுக்குப் பின் தபால் அட்டை வியாபாரம் வந்தது. பால்மரத்தின் பக்கத்தில் கத்தியும் வாளியுமாக நம்மவர் நிற்கும் அட்டைகள் கப்பலேறிப் போயின. அவற்றில் ஆள் இல்லையா? இருக்கிறார். முகம் இல்லையா? இருக்கிறது; கண் நேராக நம்மைப் பார்க்கிறது. ஆனால் கீழே அச்சிட்டிருப்பது என்ன? தமிழ்க் கூலி, ரப்பர் தோட்டம், அவ்வளவே. பேர் இல்லை. எந்தத் தோட்டம் என்பதும் பெரும்பாலும் இல்லை. எந்த ஆண்டு என்பதும் இல்லை. பெக்கர் படங்களின் கீழோ, இன்ன பொருள், இன்ன இடம், இன்ன நாடு, இன்ன ஆண்டு என்று எழுதியிருக்கும். ஜெர்மனியிலே ஒரு தண்ணீர்த் தொட்டிக்குக் கிடைத்த மரியாதை மலாயாவிலே ஒரு தமிழனுக்குக் கிடைக்கவில்லை. ஆளில்லாத படத்தின்மேல் பாயும் நமது அன்பர்கள், ஆளை முன்னே நிறுத்தி ஆளை மறைத்த இப்படங்களைப் பழம்பொருள் என்று விலை கொடுத்து வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுகிறார்களே, அதற்கு என்ன பெயர்?

இவ்விடத்தில் நமது அன்பர்கள் ஒரு பெரிய பெயரைத் துணைக்கு அழைப்பார்கள். ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், க்ரூப் கம்பெனியின் ஆலையையோ மின்சாரக் கம்பெனியின் ஆலையையோ படமெடுத்துக் காட்டினால் அந்த ஸ்தாபனங்களைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்னும் கருத்தைச் சொல்லியிருக்கிறார். வால்டர் பெஞ்சமின் என்னும் விமர்சகர் 1931-இல் படக்கலையைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதை எடுத்தாண்டிருக்கிறார். ஒப்புக்கொள்ளுகிறோம். ஆலையின் சுவர் கூலி விகிதத்தைச் சொல்லாது. க்ரூப் ஆலைகளில் யுத்த காலத்தில் அடிமைகளாய் வேலை வாங்கப்பட்டவர்களைப் பற்றியும், அதற்காக அதன் அதிபர் ஆல்பிரட் க்ரூப் 1948-இல் நியூரம்பெர்க்கில் பன்னிரண்டாண்டுத் தண்டனை பெற்று 1951-லேயே வெளியே வந்துவிட்டதைப் பற்றியும் எந்தப் புகைபோக்கியின் படமும் பேசாது. பெக்கர் தம்பதிகள் ரூர் பிரதேசமெங்கும் திரிந்து இத்தனை உலைகளை எடுத்தும் இந்தச் சரித்திரத்தைப் படத்தில் கொண்டுவரவில்லை என்பதும் மெய். இது குறையே. கட்டடம் எப்படி நிற்கிறது என்று கேட்டவர்கள், எவனை மிதித்து நிற்கிறது என்று கேட்டிருந்தால் என்ன? நாம் அவர்களுடைய வக்கீல் அல்ல. குறையைக் குறை என்றே சொல்லுவோம்.

ஆனால் பிரெக்டின் வாதத்தைத் தலைகீழாய்ப் பிடித்தல் கூடாது. அந்த வாதம் ஆளில்லாத படத்துக்கு மட்டும் விரோதமானதன்று. ஆலைவாசலில் தொழிலாளி புன்னகையோடு நிற்கும் படத்துக்கும் அது அப்படியே பொருந்தும். புன்னகையும் கூலி விகிதத்தைச் சொல்லாது. சொல்லாததோடு, கூலி போதும் என்று பொய்யும் சொல்லும். தொட்டி பொய் சொல்லாது. பெஞ்சமின் அந்தக் கட்டுரையில் கடிந்துகொண்டதும் எதை? உலகம் அழகு என்று காட்டுகிற படத்தை. ரெங்கர்-பாட்ஸ் என்பவர் 1928-இல் அப்பெயரிலேயே ஒரு படப்புத்தகம் வெளியிட்டிருந்தார். அழகாக்குவதைத்தான் அவர் சாடினார், வரிசைப்படுத்துவதை அல்ல. அதே கட்டுரையில் ஆகஸ்ட் ஸாண்டரை மெச்சுகிறார். யார் இந்த ஸாண்டர்? பெர்ண்ட் பிறந்த அதே இரும்புச் சுரங்க வட்டாரத்தில் ஹெர்டார்ப் என்னும் ஊரில் 1876-இல் ஒரு சுரங்கத் தச்சனுக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். ஜெர்மானிய மக்களைத் தொழில் வாரியாக, விவசாயி, கொத்தன், சமையற்காரன், வக்கீல், வேலையில்லாதவன் என்று நேருக்கு நேராய் நிறுத்திப் படமெடுத்து 1929-இல் புத்தகமாக்கினார். 1936-இல் நாஜிகள் அந்தப் புத்தகத்தின் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். ஒரு வசையும் இல்லாத, ஒரு கோஷமும் இல்லாத, வெறும் முக வரிசை அது. ஒரே தரையில் எல்லோரையும் நிறுத்தி ஒப்பிட்டுக் காட்டுவதைக் கண்டு ஏன் ஓர் அரசாங்கம் அஞ்சியது என்று நமது அன்பர்கள் யோசிக்கட்டும். பெக்கர் தம்பதிகள் ஸாண்டரின் முறையை மனிதனிடமிருந்து எடுத்து மனிதன் கட்டியதற்குக் கொடுத்தார்கள்.

அந்த முறையினால் உலகத்தில் ஏதாவது நடந்ததா என்று கேட்பார்கள். நடந்தது. டார்ட்மண்ட் நகரின் பக்கத்தில் ஸொலர்ன் என்று ஒரு கரிச்சுரங்கம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் முதலாளிகள் அதற்கு அரண்மனை போலக் கட்டடமும், இயந்திரக் கூடத்துக்கு வண்ணக் கண்ணாடி பதித்த வாசலும் வைத்தார்கள். (கரியை வெட்டினவன் அந்த வாசல் வழியாகக் குழிக்குப் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.) 1966-இல் சுரங்கம் மூடப்பட்டது. 1969-இல் அந்தக் கூடத்தை இடிக்க ஏற்பாடாயிற்று. இடிக்கலாகாது என்று எழுந்த சிலருள் பெக்கர் தம்பதிகளும் இருந்தார்கள். கூடம் தப்பியது. பழைய கோட்டையையும் தேவாலயத்தையும் மட்டுமே காப்பாற்றத் தகுந்தவை என்று நினைத்திருந்த ஜெர்மனி, தொழிற்சாலையும் அவ்வாறே என்று ஒப்புக்கொள்ளத் தொடங்கியது அங்கிருந்துதான். 1994-இல் வோல்க்லிங்கன் இரும்பாலையும், 2001-இல் எஸ்ஸன் நகரத்து ஸொல்வெரைன் சுரங்கமும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அரசனுடைய படுக்கையறைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற உலகம், இன்று அடுப்புக்கரி அள்ளிய இடத்துக்கும் சீட்டு வாங்குகிறது. அழவும் மாட்டாமல் ஆர்ப்பரிக்கவும் மாட்டாமல் எடுத்த படங்கள் இதற்கு ஒரு பங்கு காரணம். கண்ணீர்க் கவிகள் எத்தனை சுரங்கங்களைக் காப்பாற்றின என்ற கணக்கை நமது அன்பர்கள் வெளியிட்டால் நாம் சந்தோஷத்துடன் பிரசுரிப்போம்.

சரி, உண்மையான குற்றவாளி யார்? இப்படங்களை வைத்து வியாபாரம் நடத்துகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி தண்ணீர்த் தொட்டி அல்ல, ‘தூய வடிவம்’. சுரங்கக் கோபுரம் கூண்டில் ஆளை இறக்கிய கோபுரம் அல்ல, ‘கோடுகளின் சங்கீதம்’. தங்கள் படங்களுக்குப் ‘பெயர் தெரியாச் சிற்பங்கள்’ என்று பெக்கர் தம்பதிகளே 1970-இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பெயர் வைத்தது இக்கூட்டத்துக்கு நல்ல வாய்ப்பாயிற்று. 1990-இல் வெனிஸ் கண்காட்சியில் சிற்பத்துக்கான தங்கச் சிங்கப் பரிசையே இவர்களுக்குக் கொடுத்தார்கள், படத்துக்குக் கொடுக்கவில்லை! பெயர் தெரியாதவர் என்றால் அவரைத் தேடிப் பெயரைக் கண்டுபிடி என்று பொருள் கொள்ளலாம். பெயர் இல்லாததே பெரிய அழகு என்றும் பொருள் கொள்ளலாம். வியாபாரிகள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளை மறைப்பது இந்தப் பேச்சுத்தான், படம் அன்று.

அதன் முடிவு எங்கே போய் நின்றது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பெர்ண்ட் 1976 முதல் டுஸ்ஸல்டார்ப் கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தார். (ஆசிரியர் பதவி அவர் பேருக்கு, கற்றுக்கொடுக்கும் வேலையோ இருவருக்கும். ஹில்லாவின் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறாததைப் பற்றித் தூய வடிவக்காரர் யாரும் கண்ணீர் வடித்ததாகத் தெரியவில்லை.) அவரிடம் படித்தவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி. இவர் 1999-இல் ரைன் நதியைப் படமாக்கினார். பச்சைப்புல், சாம்பல்நீர், பச்சைப்புல், சாம்பல்வானம், பட்டைபட்டையாக அவ்வளவே. 2011-இல் அது நியூயார்க் ஏலத்தில் நாற்பத்து மூன்று லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. அன்றுவரை உலகில் எந்தப் போட்டோவும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை. அந்த நதிக்கரையில் மெய்யாகவே ஒரு தொழிற்சாலைக் கட்டடம் நின்றது. நாயோடு நடந்துபோன ஆட்களும் இருந்தார்கள். குர்ஸ்கி அவற்றையெல்லாம் கணிப்பொறியில் துடைத்துவிட்டார். ஆசிரியர்கள் இடிபடும் ஆலையைக் காப்பாற்ற ஏணியேறி நின்றார்கள். மாணவர் இருந்த ஆலையைத் துடைத்துக் கோடிப் பொருளுக்கு வழி செய்தார். இரண்டையும் ‘குறுமை’ என்ற ஒரே சொல்லால் புகழ்கிறார்கள். குறைவாய் இருப்பதைக் குறைவாகவே காட்டுவது ஒன்று. இருப்பதை அழித்துக் குறைவாக்குவது வேறு. முன்னது சாட்சி. பின்னது சாட்சியைக் கலைத்தல். நமது அன்பர்களின் கோபம் மெய்யான கோபமானால், அது இந்த இரண்டாவதன்மேல் பாய்ந்திருக்க வேண்டாமா?

இதையெல்லாம் எங்கோ ஜெர்மனிச் சங்கதி என்று தள்ளிவிட நமக்கு வசதி இல்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் வியாபாரம் இந்நாடு சுதந்திரம் அடைந்த 1957-ஐ ஒட்டியே மும்முரமாயிற்று. அதைத் தடுக்கவே 1960-இல் தோட்டத் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் வந்தன. லயங்கள் இடிந்தன. புகைக்கூடங்கள் இடிந்தன. பால் கொட்டகையும், பெரட்டுக் களமும், ஆயாக் கொட்டகையும் இருந்த இடம் தெரியவில்லை. ஈயம் தோண்டிய மிதவை இயந்திரங்களில் 1938-இல் கட்டப்பட்டு 1982-இல் நின்றுபோன ஒன்று பேராக்கில் தஞ்சோங் துவாலாங்கில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, நல்ல காரியம். ஒரு லயத்துக்கு அந்தக் கதி கிடைத்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் விரல்விட்டு எண்ணுவதும் கஷ்டமாக இருக்கிறது. நம்மிடம் இருக்கும் தோட்டத்துப் படங்களில் லயம் எங்கே இருக்கிறது? மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், மங்கலாக, அரைச் சன்னல் அகலத்துக்கு.

நூறு தோட்டத்து லயங்களை ஒருவர், மூடிய வானத்தின்கீழ், ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நின்று எடுத்திருந்தாரானால் இன்று அவற்றை வரிசையாக மாட்டி நாம் எவ்வளவு படித்துக்கொள்ளலாம்! எந்தத் தோட்டத்துச் சுவருக்குச் சன்னல் வைத்தார்கள், எதற்கு வைக்கவில்லை; எங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு கதவு, எங்கே இரண்டு குடும்பத்துக்கு ஒரு கதவு; குழாய் எத்தனை வாசல் தாண்டி இருந்தது; மேட்டின்மேல் துரை பங்களா எவ்வளவு உயரத்தில் நின்றது. ஒரு லயத்தின் படம் ஒரு லயத்தின் படம். நூறு லயங்களின் வரிசை ஒரு குற்றப்பத்திரிகை. அதில் ஓர் அழுத முகம் தேவையில்லை. அழுத முகத்தைக் காட்டினால் கம்பெனிக்காரன், அன்றைக்கு அவளுக்குத் தலைவலி என்பான். சன்னல் இல்லாத நாற்பது சுவர்களை வரிசையாகக் காட்டினால் அவன் எந்தத் தலைவலியைச் சொல்லுவான்?

இன்னும் நிற்கின்ற லயங்கள் சில உண்டு. இன்று காமிரா இல்லாத சட்டைப்பை இல்லை. பெக்கர் தம்பதிகள் சிறு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு பழைய வண்டியிலேயே படுத்தெழுந்து தேசந்தேசமாய்த் திரிந்தார்கள். நம் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மோட்டார் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரந்தான். போகிறவர்கள் யாரையும் வாசலில் நிறுத்திச் சிரிக்கச் சொல்ல வேண்டாம். வெயில் ஏறுமுன் போகட்டும். ஏணி கிடைத்தால் ஏறி நிற்கட்டும். கடைசி வீடுவரை நேராக எடுக்கட்டும். படத்தின் கீழே தோட்டத்தின் பெயர், டிவிஷன், மாநிலம், ஆண்டு இவற்றை எழுதட்டும். அதன்பின், அந்த ஜெர்மானியர் எந்நாளும் செய்யாத ஒன்றையும் செய்யட்டும்: முதற்கதவிலிருந்து கடைசிக் கதவுவரை, எந்த வீட்டில் யார் யார் குடியிருந்தார்கள் என்று அங்கேயுள்ள கிழவிகளைக் கேட்டு, ஒவ்வொரு கதவுக்கும் நேரே அந்தப் பெயர்களை எழுதி வைக்கட்டும்.